தண்ணி விழுதா?

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களின் போன் ஓயாது. பத்து வருடமாகப் பேசாத மாமன் மகன்கூடக் கூப்பிடுவான். சௌக்கியமா என்று கேட்க மாட்டான், குற்றாலத்துல தண்ணி விழுதா என்றுதான் கேட்பான்.

குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் தன் வீட்டு மாடியை ஹோம்ஸ்டே ஆக்கியிருந்த ஜெயபிரியாவுக்கு அந்த வருடம் இந்தக் கேள்வியே எமனாக வந்தது. ஜூன் பாதி கழிந்தும் சாரல் இல்லை, அருவியில் தண்ணீரும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். சொன்ன கையோடு புக்கிங் ரத்தானது. சாரல் வரட்டும் என்று பத்து நாள் தங்கிப் பார்க்க இப்போது யாருக்குப் பொறுமை? ரீல்ஸில் அருவி காய்ந்து தெரிந்தால் போதும், கார் புளியரை மலைப்பாதை ஏறிக் கேரளத்து வாகமண்ணுக்குப் போய்விடுகிறது.

"போன வருச வீடியோவப் போடுட்டி. எல்லாவனும் அதத்தான் செய்யுதான்," என்றான் அவள் கணவன் மணிகண்டபிரபு. "ரெண்டு நாள்ல தண்ணி வந்துரும். அப்புறம் யாரு கேக்கப் போறா?"

போட்டாள். மேலே 'இன்று காலை' என்று எழுதவும் செய்தாள். மறுநாளே சென்னையிலிருந்து லிங்கேஸ்வரன் என்று ஒருவர் கூப்பிட்டார்.

"கண்டிப்பா தண்ணி விழுதா மேடம்?"

"நல்லா விழுது சார். வாங்க."

அவர்கள் வந்து சேர்வதற்குள் எப்படியும் மழை பிடித்துவிடும் என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டாள். நாக்குக் கூசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பொதிகை ரயிலில் வந்திறங்கிய லிங்கேஸ்வரன் சக்கர நாற்காலியில் தன் அப்பாவையும் கூட்டி வந்திருந்தார். பெயர் தாணுமாலயன், பூர்வீகம் கடையம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சனிக்கிழமை அது முடிந்த கையோடு ரயில் ஏறியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். இடையில் இரண்டு பகல். அதற்குள் மெயின் அருவியில் ஒரு தடவை தலையைக் கொடுத்துவிட வேண்டும், பெரியவரின் ஆசை அவ்வளவுதான்.

ஜெயபிரியா மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மலையில மேகத்தையே காணோமே," என்றார் பெரியவர்.

"சாயங்காலம் வந்துரும் அய்யா."

அவர் அதை நம்பித் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டார். ஆட்டோவில் அவளும் கூடப் போனாள். அருவி இருக்க வேண்டிய இடத்தில் பாறை காய்ந்து கிடந்தது. குரங்குகள் அதன்மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. லிங்கேஸ்வரன் போனில் அவள் போட்ட வீடியோவை எடுத்து முன்னால் நீட்டினார்.

"இது என்னைக்கு எடுத்தது?"

"போன வருசம் சார்."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"வீட்டுல வெந்நி போட்டுத் தாரேன் அய்யா. குளிச்சிருங்க," என்று பெரியவரிடம் கெஞ்சினாள்.

"வேண்டாம்மா. வச்ச எண்ணெய் அருவியிலயே போகட்டும்."

இரண்டு பகலும் தோளில் துண்டோடு அந்தப் பாறைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஜெயபிரியா குற்றாலநாதருக்கு நேர்ந்துகொண்டாள். மழை வராத வானத்தை வாய்விட்டுத் திட்டினாள். திங்கள் மாலை பெரியவர் அதே எண்ணெய்த் தலையோடு ரயில் ஏறினார். லிங்கேஸ்வரன் ஹோம்ஸ்டேக்கு ஒற்றை ஸ்டார் போட்டு நாலு வார்த்தை எழுதுவார் என்று தினமும் போனைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மலையே தெரியாமல் மேகம் மூடிக்கொண்டது. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்டதும் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே நின்றே லிங்கேஸ்வரனைக் கூப்பிட்டாள்.

"சார், தண்ணி விழுது."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "அப்பா ஐசியூல இருக்கார். நேத்துலேருந்து கண்ணு முழிக்கல. வைங்க."

ஜெயபிரியா விடவில்லை. வீடியோ கால் போட்டாள். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை லிங்கேஸ்வரனின் முகம் தெரிந்தது. அவர் அவளுக்குப் பின்னால் கொட்டும் தண்ணீரைப் பார்த்தார். எழுந்து ஐசியூவுக்குள் நடந்து, போனைக் கட்டிலின் பக்கம் திருப்பினார். பெரியவரின் கண் மூடியிருந்தது. தலையணையில் எண்ணெய்க் கறை.

"அய்யா, ஜெயபிரியா பேசுதேன். தண்ணி விழுது அய்யா. இங்கன பாருங்க."

சத்தமாவது காதில் விழட்டும் என்று சேலையோடு அருவிக்குள் போனாள். தண்ணீர் தலையில் அறைந்தது. கையை நீட்டிப் போனை அருவிக்கு நேரே பிடித்தாள். திரையில் பெரியவரின் உதடு அசைந்த மாதிரி இருந்தது. தண்ணீர் தெறித்து அவர் முகம் கலங்கியது. துடைத்தாள். மறுபடி கலங்கியது.

"அய்யா, கேக்குதா?"

போன் அணைந்துவிட்டது. பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். முந்தானையில் துடைத்துப் பார்க்கலாம் என்றால் முந்தானையே ஈரம். அவர் கண்ணைத் திறந்தாரா இல்லையா என்று கேட்கக் கையில் வேறு போனும் இல்லை, அந்த நம்பரும் மனப்பாடம் இல்லை.

ரோட்டுக்கு வந்தாள். வெளியூர்க் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மெயின் ஃபால்ஸ்ல தண்ணி விழுதா?"

தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்ற ஜெயபிரியா, விழுது என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல், "நீங்களே போய்ப் பாத்துக்கோங்க" என்று அருவிப் பக்கம் கையைக் காட்டினாள்.