வெள்ளையம்மா பேசுறேங்க

2008இல் கஹவத்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கைத்தொலைபேசி மீதுதான் விழ வேண்டும். அடையாள அட்டைதான் அத்தி பூத்த மாதிரி. அரசாங்கக் கணக்கில் எங்களில் பாதிப் பேர் இன்னும் பிறக்கவே இல்லை. அட்டை இல்லாதவனுக்கு சிம் கிடையாது. ஆகவே மேல் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் சிம் எடுத்துக் கொடுத்தவள் கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மா. அவளிடம் அட்டை இருந்தது, யாருக்கும் இல்லையென்று சொல்ல வராத வாயும் இருந்தது.

சிம் விற்ற ஜெஸீமா ராத்தா ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள்: "தெரியாத நம்பர்ல இருந்து பேர் கேட்டா கம்பெனிதான். வெள்ளையம்மாண்டு சொல்லிருங்க. இல்லாட்டி லைனை வெட்டிருவாங்க."

லயமே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

வினை பிள்ளைக் காம்பிராவில் பிறந்தது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் சுமித்ரா. குழந்தைகளுக்கென்று வந்த பால்மாவில் பாதி தோட்டத்து மேனேஜர் தொரையின் பங்களாவுக்கு ஏறுவதைப் பார்த்து வயிறெரிந்து, லயத்து நம்பர்களுக்கெல்லாம் ஒரு எஸ்.எம்.எஸ். தட்டிவிட்டாள்: "பிள்ளைக் காம்பிரா பால்மாவில் தொரை நாய் கொழுக்குது. பாப்பாக்களே, அடுத்த பிறவியில் நாயாப் பொறங்க."

மாலைக்குள் கொழுந்து நிறுக்கும் மடுவமே விழுந்து விழுந்து சிரித்தது. எந்தப் புண்ணியவானோ அதைத் தொரைக்கும் அனுப்பிவைத்தான்.

தொரை பொலிசுக்குப் போனார். யுத்தம் உச்சத்தில் இருந்த காலம்; தமிழில் எது வந்தாலும் வெடிக்கும் என்று நம்பினார்கள். சிம் கம்பெனி மறுபேச்சில்லாமல் வெள்ளையம்மாவின் ஊர், பேர், நம்பர் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தது. ஒரே பெயரில் இருபத்துச் சொச்சம் நம்பர்! பயங்கரக் கூட்டத்தின் தலைவியைப் பிடிக்க வந்த ஜீப், கூடையும் கையுமாக நின்றவளை ஏற்றிக்கொண்டு போனது.

"மெசேஜ் வந்த இந்த நம்பர் யார்கிட்ட இருக்கு?" ஸ்டேஷனில் தொரையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். "சொன்னா வீட்டுக்குப் போகலாம். இல்லாட்டி கொழும்புக்கு அனுப்பிருவேன்."

சொன்னால் சுமித்ராவைத் தூக்குவார்கள். விசாரணைக்குப் போன தமிழ்ப் பிள்ளை எப்போது திரும்பும், திரும்புமா என்று அந்த நாளில் யாருக்கும் தெரியாது. "தெரியாதுங்க மாத்தயா," என்றாள் வெள்ளையம்மா.

சார்ஜன் போனில் சத்தத்தைக் கூட்டி, கம்பெனி கொடுத்த பட்டியலின் மேலிருந்து ஒரு நம்பரை அடித்துப் பெயர் கேட்டார்.

"வெள்ளையம்மா பேசுறேங்க," என்றது லயத்துப் பழனியாண்டியின் சுருட்டுக் குரல்.

சார்ஜன் எதிரே இருந்தவளை ஒருமுறை பார்த்துக்கொண்டு அடுத்ததை அடித்தார்.

"நான் வெள்ளையம்மாதாங்க, லைனை வெட்டிறாதீங்க சார்!" என்று மூக்கையா கெஞ்சினான். கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். தொரை மட்டும் உர்ரென்று இருந்தார்.

கடைசியாக, மெசேஜ் வந்த அந்த நம்பர். "வெள்ளையம்மா பேசுறேன்," என்றாள் சுமித்ரா. பின்னால் குழந்தைகள் கூட்டமாக வீறிட்டன.

"பிள்ளைக் காம்பிரா!" தொரை மேசையில் அடித்தார். "அவளைப் புடிங்க!"

வெள்ளையம்மா எழுந்துவிட்டாள். "நம்பர் எம் பேருலதான இருக்கு மாத்தயா? அத நம்பித்தான என்னையக் கொண்டாந்தீங்க? அப்ப சொன்னதும் நான்தான். எழுதிக்கங்க. நாயி, பால்மா, ஒன்னு விடாம எழுதுங்க."

சார்ஜன் சற்று யோசித்தார். அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருந்ததோ என்னவோ, தொரை பக்கம் திரும்பினார். "முறைப்பாட்டுல மெசேஜை முழுசா எழுதணும் சார். பொய்யான்னு பார்க்க நாங்க வந்து பால்மாவை எண்ணணும். நாயையும் பார்க்கணும்."

தொரைக்குத் திடீரென்று தொழிற்சாலையில் அவசர வேலை ஞாபகம் வந்தது. முறைப்பாடு வேண்டாமென்று கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் வந்து இறங்கிய வெள்ளையம்மா நேரே பிள்ளைக் காம்பிராவுக்குப் போனாள். அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாகக் கொட்டியது.

"எழுதத் தைரியம் இருந்தா ஒம் பேரப் போட்டு எழுது புள்ள! எத்தன பேருக்குத்தான் நான் ஒருத்தி வெள்ளையம்மாவா இருக்குறது?"

சுமித்ரா அழுதாள்.

"எனக்கு ஏது சித்தி பேரு? கார்டு கேட்டுப் போனா, பொறந்ததுக்கு அத்தாட்சி கொண்டாங்கிறாங்க. நான் செஞ்ச குத்தத்துக்குக்கூட ஒங்களத்தான புடிச்சிக்கிட்டுப் போனாங்க."