காலியாகாத வீடு

1996ஆம் வருஷம் சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்றேகால் மணிக்கு, செந்துறைப் பக்கம் இருக்கும் அரியமுத்துவின் ஓட்டு வீட்டுக்குள் இரண்டு முயல், ஒரு கீரி, ஒரு உடும்பு, ஏழு கௌதாரி, ஒரு நல்லபாம்பு ஆகியவை வாசல் வழியாக வரிசையில் வந்து உட்கார்ந்தன. யாரும் யாரையும் தின்னவில்லை. அன்றைக்குத் தக்காளி கிலோ மூன்று ரூபாய்.

சுண்ணாம்புக்கல் எடுக்கிற கம்பெனி தினமும் ஒரு மணிக்குச் சங்கு ஊதும், ஒன்றேகாலுக்கு வெடி போடும். அந்தக் கால் மணி நேரத்தில் நாற்பது வீடும் காலியாக வேண்டும். உள்ளே ஓர் ஆள் இருந்தாலும் வெடி போடக் கூடாது என்பது சட்டம். வீரம் மிகுந்த ஊரல்லவா, சங்கு முடிவதற்குள் நாங்கள் எல்லோரும் குழம்புச் சோற்றுத் தட்டோடு புளியமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். சிவப்புக் கொடியை ஆட்டி எங்களை விரட்டுவதுதான் அரியமுத்துவின் உத்தியோகம். கம்பெனி முதன்முதலாகக் கிழக்குப் பக்கம் வெடி வைத்த அந்தச் செவ்வாய்க்கிழமை, ஊருக்குக் கிழக்கே தனியாக நின்ற அவர் வீடும் காலியாக வேண்டியிருந்தது. அவர் மனைவி அமிர்தவல்லி எழுந்திருக்கவில்லை.

"எந்திரிடி, சங்கு ஊதிட்டாங்க. வேல போயிடும்டி."

"தட்டத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்க நான் என்ன பிச்சைக்காரியா? கொடிய ஆட்டுறதெல்லாம் ஒரு வேலையாய்யா? கட்சிக்காரன் சும்மாவே ஆட்டுறான்."

கிழக்கே வெடி நின்றுபோனது, மேற்கே மட்டும் தொடர்ந்தது. அமிர்தவல்லி உட்கார்ந்திருக்கிற இடத்தில் வெடி கிடையாது என்பது அதிகாரிகளுக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. புதர் இழந்து அலைந்த ஜீவன்களுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. மறுநாள் இருமடங்காக வந்தன. முள்ளெலி குட்டிகளோடு வந்தது. சங்கு ஊதினால் வரும், இரண்டு மணிக்குக் கிளம்பும். அவள் ஒரு சட்டி தண்ணீரும் ஒரு பிடி சோளமும் வைப்பாள். கட்டிலில் மட்டும் யாரும் ஏறக் கூடாது. மேனேஜர் கிருஷ்ணமூர்த்தி ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுங்களத் தொரத்தக் கூடாதா?" என்றார். "நீங்கதானே சார் தொரத்தி விட்டீங்க. நான் வேற இன்னொரு தடவ தொரத்தணுமா?" என்றாள். இதற்கிடையில் அரியலூர் மாவட்டமே பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. அமிர்தவல்லி மட்டும் இடம் மாறவில்லை.

2002 புரட்டாசியில் மேற்கே கல் தீர்ந்தது. பித்தப்பையில் கல் என்று அவளை அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அதே வாரம்தான். கம்பெனி நேரத்தை வீணாக்காமல் அன்றைக்கே கிழக்கில் குழி போட்டு வெடிமருந்து நிரப்பியது. கிருஷ்ணமூர்த்தி பச்சைக் கொடி காட்டச் சொன்னார். அரியமுத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தரை தெரியவில்லை, அவ்வளவு கூட்டம்.

"உள்ள ஆளுங்க இருக்காங்க சார்."

"யாருய்யா? ஒம்பொண்டாட்டிதான் ஆஸ்பத்திரியில கெடக்குறாளே?"

"பேரு தெரியாதுங்க சார். ஆனா தெனமும் வர்றவங்க."

சொல்லிவிட்டு இரண்டு கொடியையும் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய், உடும்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் அந்த நேரத்துக்கு அவர் தன் வீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். முகம் சிவந்த கிருஷ்ணமூர்த்தி சட்டத்தை மறந்து வெடியைத் தட்டச் சொன்னார். சத்தம் அரியலூர் ஸ்டேஷன் வரை கேட்டதாகச் சொல்வார்கள். கற்கள் ஓட்டுக்கு மேல் இரண்டு பனை உயரம் எழும்பின, நின்றன, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் போலக் கொஞ்சம் தயங்கின, பிறகு ஒவ்வொன்றும் தான் கிளம்பிய குழிக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. தூசி மட்டும் பத்திரமாக ஒதுங்கி நின்ற எங்கள் சோற்றில் விழுந்தது.

சாயங்காலமே வேலை போனது. ஆபரேஷன் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் செய்தி சொன்னபோது அமிர்தவல்லி, "கொடியத் திருப்பிக் குடுத்துட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றார். "நல்லதாப் போச்சு, சோத்துப் பான எறக்க ஆவும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல் வலிக்கும் அளவுக்குச் சிரித்தாள் என்று நர்ஸ் சொன்னார்.

கம்பெனி இன்னும் ஒன்பது முறை முயன்றது. ஒன்பது முறையும் கல் வீடு திரும்பியது. கடைசியில் வெடியை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றி மெஷினால் தோண்டினார்கள். 2007இல் பார்த்தால் ஐம்பதடி வெள்ளைப் பாறையின் தலையில் அந்த ஓட்டு வீடு நிற்கிறது. மேலே ஏற முயல்கள் போட்ட ஒற்றையடிப் பாதைதான். போஸ்ட்மேன் அதில்தான் மூச்சிரைக்க ஏறுகிறார். குழியில் மழைத்தண்ணீர் நின்று, கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. சங்கும் இல்லை. ஆனாலும் ஒரு மணியானால் பாதையில் வரிசை தொடங்கிவிடும்.

"வெடிதான் இல்லியே, இன்னும் ஏன் வருதுங்க?" என்று ஒருநாள் அரியமுத்து கேட்டார்.

"அவங்க வூட்டுக்கு அவங்க வராங்க. நீ செத்த நவுந்து ஒக்காரு, கீரி நிக்குது பாரு."

அரியமுத்து நகர்ந்து உட்கார்ந்தார்.