பால்மாப் பேணிக்குள் நாலு குளிசை

1
இந்தக் கதை என் இடக்காதில் தொடங்கியது. எண்பத்தாறாம் ஆண்டு, நயினாதீவில், பக்கத்து வீட்டுப் பாலாம்பிகை தந்த நாலு மருந்துக் குளிசையில் என் காதுக்குள் குத்திய வலி நின்றது. அது யாருடைய குளிசை என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

2
கடல் கொந்தளித்த ஒரு காலையில்... (வேண்டாம். கடல் சும்மாதான் கிடந்தது.)

பாலாம்பிகையின் கணவர் தியாகேசக் குருக்களுக்கு மூக்குக்குள் தசை வளர்ந்து, யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்தார்கள். பிறகு சீழ் வைத்தது. பத்து நாளுக்குக் குளிசை கொடுத்தார்கள். ஆறாம் நாள் நாற்றம் போனதும், பாலாம்பிகை மிச்ச நாலையும் பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு மூடினாள். மருந்துக்குத் தட்டுப்பாடான தீவில், அப்படி மிச்சம் பிடிப்பவளைத்தான் கெட்டிக்காரி என்போம். கேட்டு வருபவர்களுக்கு அவள் இல்லையென்று சொன்னதும் இல்லை. என் காதுக்குத் தந்தது அந்த நாலைத்தான்.

சீழ் திரும்பி வந்தது. குருக்கள் கையை எட்ட நீட்டித் திருநீறு கொடுக்கத் தொடங்கினார். தன் மூச்சு யாருக்கும் மணக்கக்கூடாதாம். பாவம், கற்பூரம் எரிவதுகூட அவருக்கு மணக்கவில்லை.

3
சீழைச் சோதித்த டொக்டர் பாலாம்பிகையிடம் சொன்னார்: "அரைகுறையா நிப்பாட்டினதால தப்பின கிருமி, பழைய மருந்துக்கு இப்ப அடங்குதில்லை அம்மா. இது வேற மருந்து. இதுவும் சரிவராட்டி கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிவிடும். ஒண்டும் மிச்சம் வைக்கக்கூடாது."

"ஓம்" என்றாள். வள்ளம் ஏறும் குறிகட்டுவான் துறை வரைக்கும் பஸ்ஸில் அழுதாள்.

"நான்தானே மூடி வைச்சனான்."

"விடும்," என்றார் குருக்கள். "சனத்துக்குத்தானே குடுத்தனீர்."

4
புது மருந்தில் கடைசி நாலு குளிசை மிஞ்சியிருந்த அன்று, டொக்டரிடம் போக வள்ளம் ஓடவில்லை. கிறிஸ்தோப்பர் என்று ஒருவர், மகளின் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தார்.

(முதல் படியில் இப்படித்தான் எழுதியிருந்தேன். பொய். போனவள் நான். காதில் சீழோடு காய்ச்சலில் காய்ந்துகொண்டு கிடந்தது என் மகள்.)

டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாள் பாலாம்பிகை. பிறகு அந்த நாலும் கிடந்த பேணியை என் கையில் வைத்தாள்.

"இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது, இராசேஸ்வரி. நீரே பாத்து முடிவெடும்."

5
மூன்று முடிவு எழுதிக் கிழித்தேன். ஒன்றில் நான் நல்லவள். இன்னொன்றில் குருக்களின் கண்... மூன்றாவதில் என் மகள்... (எழுதமாட்டேன்.)

பேணியைப் பிடியுங்கள். கனமே இல்லை. உங்கள் பிள்ளைக்கு இப்போது நூற்றுமூன்று பாகை காய்ச்சல். உள்ளேயிருந்து குருக்கள் கேட்கிறார்:

"பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"