கட்டைவிரல் பருமன்

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியதும், மனமில்லாமல் படுக்கையை விட்டு எழுபவனைப்போல எஞ்சின் முனகியது. ஒரு சுற்று. அப்புறம் அரைச் சுற்று. அவ்வளவுதான். பிழை திருத்துபவர் பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். மேலே மைத்துனன் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் அவர். ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தாலும் கண்ணில் முள்ளாய்க் குத்தும். அந்தக் கண்ணோடுதான் மனிதர்களையும் பார்ப்பார். இந்த ஆறு வோல்ட் காரை அவர் துருப்பிடித்த கூடாக வாங்கி, நாலு வருஷம் உட்கார்ந்து உயிர்கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் ஓட்டுவார், வேறு யாரும் தொடக் கூடாது. போன வாரம் ஒரு வேலையாக வெளியூர் போய் நாலு நாள் கழித்துத் திரும்பினார். அன்றிலிருந்துதான் இந்த முனகல்.

மைத்துனனுக்கு அந்தக் கார் நிற்கும் ஷெட்டின் மேல் ஒரு கண். அவன் புது வண்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "இதை யாராவது ஆசைப்பட்டவங்க தலையில கட்டிடுங்களேன், அத்தான்" என்று வாய் கூசாமல் சொல்வான்.

அவன் இறங்கி வந்தான். "என்னத்தான், இன்னும் கிளம்பலையா?"

"பேட்டரிய மாத்தினியா?"

"நானா? எனக்கு அந்த பானெட்டத் திறக்கவே தெரியாது."

அவர் அதை நம்பவில்லை. வோல்ட் மீட்டரை எடுத்துவந்தார். பேட்டரி ஆறேகால் வோல்ட் காட்டியது. அதில் குறையில்லை. ஆனால் எஞ்சின் சுற்றும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். அதற்குப் பொத்தானை அழுத்த ஒரு ஆள் வேண்டும். மைத்துனனை உள்ளே உட்காரவைக்க அவருக்கு மனம் வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பக்கவாட்டில் திறக்கும் பானெட் என்பதால் கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள்.

"அழுத்து."

பேட்டரியில் ஐந்தரை. ஸ்டார்ட்டரின் வாயிலில் மூன்றரைதான். நடுவழியில் இரண்டு வோல்ட்டை எதுவோ விழுங்குகிறது. எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டையை அளந்தார், சுத்தமாக இருந்தது. அப்படியானால் தடித்த கேபிள்தான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையை ஸ்டார்ட்டரிலும் வைத்தார்.

"இன்னொரு தடவ."

முள் ஒன்றேமுக்காலுக்குத் தாவியது. கேபிளைத் துணியால் துடைத்தார். கறுப்பு கிரீஸும் தூசியும் வழுவழுவென்று கையோடு வந்தன. அடியில் புத்தம்புது ரப்பர் பளபளத்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. பன்னிரண்டு வோல்ட் வண்டிக்கு இது போதும். ஆறு வோல்ட்டுக்கோ கரண்ட் இரண்டு மடங்கு பாய வேண்டும், கட்டைவிரல் பருமனுக்குக் குறைந்தால் வண்டி திணறிப்போகும். மாற்றியதோடு நிற்காமல், பழசுபோலக் காட்ட யாரோ அழுக்கும் பூசியிருக்கிறார்கள்.

"இது யார் வேலைடா?"

"நான்தான்" என்றான் மைத்துனன், கொஞ்சம் அவசரமாகவே. "சும்மா ஒரு ரவுண்டு போனேன். வழியில அறுந்துபோச்சு."

"எந்த முனையில அறுந்துது?"

அவன் பார்வை காருக்குள் இருந்தவளிடம் போனது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பொத்தான் டாஷ்போர்டுக்கு அடியில், குனிந்து தேடினாலும் சட்டென்று அகப்படாத இடத்தில் இருந்தது. எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. உட்கார்ந்ததும் கியரை இரண்டு பக்கமும் ஆட்டி நியூட்ரல் பார்த்தாள். கிளட்சை மிதித்தாள். அதன் பிறகுதான் கை அடியில் போனது.

"அவன விடுங்க" என்றாள் அவள், இறங்காமலேயே. "ஸ்டார்ட்டர் பக்கத்து முனையில அறுந்துது. ரோட்டோரத்துல ஒரு எலெக்ட்ரீஷியன் கையில இருந்தத மாட்டிக்குடுத்தார். அழுக்குப் பூசுனது மட்டும்தான் இவன்."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"எட்டு மாசமா. நீங்க அச்சகம் போற நாள்ல."

"எங்க போவ?"

"ஏரிக்கரை வரைக்கும். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத் திரும்பிடுவேன்."

"அங்க யார் இருக்கா?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாத இடத்துக்கு எதுக்குப் போகணும்?"

அவள் அவரையே பார்த்தாள். "அதுக்குத்தான்."

மைத்துனன் சத்தமில்லாமல் மாடியேறிவிட்டான். விசில் வரவில்லை. பிழை திருத்துபவர் பெட்டியிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள ஒரு துண்டு வெல்டிங் கேபிளை எடுத்து, அளந்து வெட்டினார். வாரத்துக்கு இரண்டாக எட்டு மாதம் என்றால் அறுபது எழுபது நாள். ஒரு நாள்கூட அவர் கண்ணில் படவில்லை. ஏரிக்கரையில் ஒருவரும் இல்லை என்பதை எப்படி நம்புவது? நம்பாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கி விரல் கணுவைப் பதம்பார்த்தது.

நட்டை முறுக்கிவிட்டு நிமிர்ந்தார். "அழுத்து."

எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. அவர் பானெட்டைச் சாத்தினார். கண்ணாடிக்கு அப்பால் அவள் இன்னும் இறங்கவில்லை. கையை உயர்த்தி, பின்பார்வைக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஷெட் வாசலை அடைத்தபடி காருக்கு நேர் முன்னால் நின்ற அவர், ஸ்பேனரோடு ஒரு பக்கமாய் ஓரடி எடுத்துவைத்தார். கார் வெளியே போக அது போதவில்லை.