லிகூர்கோஸ் ஐந்தாம் தீவைப் பார்த்த விதம்

1

இந்தக் கதை ஒரு பாதத்திலிருந்து பிறந்தது. கப்பலின் இறங்குபலகையிலிருந்து நீண்டு, எங்கள் துறையின் சிமெண்டுத் தரையை ஒருமுறை அழுத்திவிட்டு, வந்த வழியே திரும்ப முயன்ற பாதம் அது. அதற்குரியவர் ஏதென்ஸ்காரர் லிகூர்கோஸ். ஏஜியன் கடலில் எங்கள் ஆறு குட்டித் தீவுகளையும் கோடை விடுமுறையில் 'பார்த்து முடிக்க' மனைவி ஆர்கிரோவுடன் வந்திருந்தார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஒரு கடலில் ஒரு கடற்காகம் இருந்தது. அது எல்லாப் பாறைகளிலும் அமர்ந்தது; ஆனால்...'

[நிறுத்திவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் கதை அகப்பட்டால் உடனே அதில் ஒரு பறவை வந்து உட்கார்ந்துவிடுகிறது. தவிர, கடற்காகம் மீன் தின்னவாவது பாறையில் தங்கும். லிகூர்கோஸோடு ஒப்பிட்டால் அது வருத்தப்படக்கூடும்.]

3

நடந்ததையே சொல்கிறேன். ஒவ்வொரு தீவிலும் கப்பல் பலகையை இறக்கும். லிகூர்கோஸ் தரையை மிதிப்பார், பார்த்தாயிற்று என்பார், ஏறிவிடுவார். அலுவலக நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஐந்து தீவுகளைப் பார்த்தாராம். ஆகவே இவருக்கு ஆறு வேண்டும். ஆர்கிரோவுக்கோ ஒரே ஒரு கரை போதும்: ஒரு முழு நாள், கழுத்தளவு நீர். இத்தனை ஆண்டு விடுமுறைகளில் அது ஒருமுறையும் வாய்க்கவில்லை. இந்த விடுமுறையும் அன்றோடு முடிகிறது.

நான்காம் தீவில் ஆர்கிரோ சொன்னது மேல்தளம் முழுவதும் கேட்டதாம்: "ஏங்க, தபால்காரர்கூட வாசல்ல ரெண்டு நிமிஷம் நிப்பாரு."

4

ஐந்தாவது எங்கள் தீவு. எங்கள் துறையில் கால் வைப்பவர் யாராயினும், காப்பிக்கடைக் கல்லியோப்பி ஒரு கரண்டியில் பாகில் ஊறிய அத்திப்பழத்தை நீட்டுவார். கரண்டியை வாங்கியவர் விருந்தாளி. விருந்தாளி உட்கார்ந்தாக வேண்டும். லிகூர்கோஸ் வாங்கிவிட்டார்.

"உக்காருங்கண்ணே. நின்னுக்கிட்டே முழுங்கினா, என் கைக்கு ருசி இல்லன்னு ஊரே பேசும்."

உட்கார்ந்தார். பழத்துக்குப் பின் தண்ணீர், தண்ணீருக்குப் பின் தூளோடு கொதித்த, வடிகட்டாத காப்பி. கப்பல் ஊதியது. அவர் கோப்பையைத் தூக்க, கல்லியோப்பி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தூள் அடியில தங்கட்டும்ணே. கப்பலுக்கென்ன, நாளான்னைக்கும் வரும்."

லிகூர்கோஸின் அலுவலகம் நாளையே திறக்கிறது. அவர் முகத்தில் அப்போது தோன்றிய... [வேண்டாம். அதை வருணிப்பது கருணையன்று.]

5

சங்கிலியைப் பிடித்திருந்த மாலுமி, பலகையின் மேல்முனையில் பைகளோடு நின்ற ஆர்கிரோவைக் கேட்டான்:

"அக்கா, வீட்டுக்காரர் வராரா? பலகைய தூக்கவா?"

முடிவு அ: ஆர்கிரோ காத்திருக்கச் சொல்கிறார். லிகூர்கோஸ் ஓடிவந்து ஏறுகிறார். ஆறாம் தீவையும் மிதிக்கிறார். [உலகில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. அதனாலேயே கதைக்கு உதவாது.]

முடிவு ஆ: ஆர்கிரோ இறங்கிவருகிறார். இருவரும் நாளை மறுநாள் வரை எங்கள் கடலில்... [அத்திப்பாகு இந்த வாக்கியத்திலும் ஒழுகிவிட்டது.]

முடிவு இ: தூக்கு என்கிறார்; ஆறாம் தீவுக்குத் தனியே போகிறார். [எழுதும்போது என் கை தயங்கியது. வாசித்துக் காட்டியபோது கல்லியோப்பி கைதட்டினார்.]

நீதி எங்கே என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நானே கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் அது.

மாலுமி இரண்டாம் முறை கேட்கிறான். ஆர்கிரோ கடலைப் பார்க்கிறார், கணவரைப் பார்க்கிறார், வாய் திறக்கிறார். நான் காப்பிக்கடையில் இருக்கிறேன், எனக்குக் கேட்கவில்லை. வாசகரே, நீங்கள் கப்பலில், அவர் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். அவர் சொன்னதை மாலுமிக்குச் சொல்லிவிடுங்கள். சற்று உரக்கவே சொல்லுங்கள், இயந்திரம் இரைகிறது.