இரண்டாவது கேமரா

சின்னவளின் கல்யாணத்துக்கு வீடியோ விலை பேசிவிட்டு வரும்படி அப்பா பெரியவளைத்தான் அனுப்பினார். அந்த வேலைக்கு வீட்டில் வேறு ஆள் கிடையாது. மருத்துவமனைக் கட்டில் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாகக் கொள்முதல் பிரிவில் இருப்பவள் அவள். சக்கரம் விற்க வந்தாலும் சரி, பெயின்ட் விற்க வந்தாலும் சரி, பத்து சதவீதம் குறைக்காமல் எவனும் அவள் மேசையை விட்டு எழுந்ததில்லை. அதனால் அவளுக்குப் 'பத்து சதவீதம்' என்றே பெயர். முதலில் சப்ளையர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு வீட்டிலேயே முகத்துக்கு நேராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"ரொம்பக் கசக்கிப் பிழியாதம்மா. அவ ஆசைப்பட்ட ஆளு. கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்ல" என்று அப்பா சொல்லி அனுப்பினார்.

அந்த 'பரவாயில்ல'தான் பெரியவளுக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்தின்போது அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பதே பதிலாக இருந்தது. வீடியோவை அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சும்மா எடுத்துக் கொடுத்தார். மொத்தம் நாற்பது நிமிஷம், அதில் பன்னிரண்டு நிமிஷம் ஜனங்கள் சாப்பிடுவது. மாப்பிள்ளை மோதிரம் போடுகிற நேரத்தில் அவர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். இப்போது அப்பாவுக்கு இரண்டு கடை. சின்னவள் எதையும் கேட்பதற்கு முன்னாலேயே 'பரவாயில்ல' வந்து நிற்கிறது.

வீடியோக்காரம்மாவின் ஸ்டூடியோ ஒரு சலவைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சின்னவளும் கூட வந்திருந்தாள். படியேறும்போதே சோப்பு வாசனையும் இஸ்திரி ஆவியும் கூடவே ஏறி வந்தன. உள்ளே கறுப்புத் திரைச்சீலை, இரண்டு பெரிய திரைகள், அலமாரி நிறைய சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரிகள். வீடியோக்காரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். குட்டை முடி, ஒரு தோள் மற்றதைவிடச் சற்று இறங்கியிருந்தது. பேச்சை வளர்க்காமல் விலைத்தாளை நீட்டினாள்.

பெரியவள் கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தாள். அவளுடைய மூன்று மாதச் சம்பளம்.

"ரெண்டு கேமரா எதுக்குங்க? கல்யாணம் ஒண்ணுதானே?"

"கல்யாணம் ஒண்ணுதான். ஆனா ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நடக்கும். பொண்ணு ஒரு ரூம்ல ரெடியாவா, மாப்பிள்ளை இன்னொரு ரூம்ல. மோதிரம் போடறப்ப பொண்ணு மூஞ்சி ஒரு பக்கம், அப்பா மூஞ்சி இன்னொரு பக்கம்."

"எடிட்டிங்குக்கு இவ்வளவா? எடுத்ததைத்தானே வெட்டப் போறீங்க?"

"பத்து மணி நேரம் எடுத்தா, முதல்ல பத்து மணி நேரம் உக்காந்து பாக்கணும். ரெண்டு கேமரான்னா இருபது. வெட்டறது அதுக்கப்புறம்தான். ஒரு கல்யாணம் எனக்கு ரெண்டு வாரம் தின்னுடும்."

"சனிக்கிழமைக்குன்னு தனி ரேட்டு போட்டிருக்கீங்க."

"வருஷத்துல கல்யாணம் வர்ற சனிக்கிழமை இருபது தேறும். அந்த இருபதை வெச்சுத்தான் நான் வருஷம் பூரா வாடகை கட்டணும். செவ்வாய்க்கிழமை வெச்சுக்கங்க, கால்வாசி குறைச்சுடறேன்."

"செவ்வாய்க்கிழமை வெச்சா அப்பாவும் மாப்பிள்ளையும்தான் வருவாங்க" என்று சிரித்தாள் சின்னவள்.

வீடியோக்காரம்மாவும் சிரித்தாள். "இதுல பாதி விலைக்கும் ஆள் இருக்காங்க. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அவங்க ஒரே மெமரி கார்டுல பதிவாங்க. அது கெட்டா கல்யாணம் போச்சு. நான் ஒரே நேரத்துல ரெண்டு கார்டுல பதியறேன். அந்தக் காசும் இதுக்குள்ளதான் இருக்கு."

சொன்னது எல்லாமே நியாயம். வேறு யாருக்காகவாவது வந்திருந்தால் பெரியவள் ஐந்து சதவீதத்தோடு கைகுலுக்கிவிட்டு எழுந்திருப்பாள். ஆனால் அப்போது வீடியோக்காரம்மா மாதிரிக்கு ஒரு படத்தைப் போட்டுக் காட்டினாள். யாரோ ஒரு மணப்பெண் ஜன்னலோரம் நின்று காதுக்கம்மலை மாட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில், அந்த நிதானத்தில், உலகத்தில் அவளைத் தவிர வேறு ஆளே இல்லை போலிருந்தது. சின்னவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் திரையின் வெளிச்சம் விழுந்தது. இவளும் இப்படித்தான் நிற்கப் போகிறாள் என்று நினைத்த மாத்திரத்தில் பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ரெண்டாவது கேமராவை எடுத்துடுங்க. ஒண்ணு போதும்" என்றாள்.

வீடியோக்காரம்மா சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் ஒரு கணம் விலைத்தாளைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். "அக்கா சொன்னா சரிதாங்க. அவளுக்குத் தெரியும்."

விலை முப்பது சதவீதம் இறங்கியது. அப்பா தட்டிக்கொடுத்தார். அம்மா, "உன்னை மாதிரி ஒருத்தி இருந்தா வீடு உருப்படும்" என்றாள். பெரியவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிக்கனத்துக்காக வெட்டவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து வீடியோக்காரம்மா ஆபீசுக்குப் போன் செய்தாள். பெரியவள் அப்போது கட்டில் சக்கரம் விற்க வந்த ஒருவனைக் கதறவைத்துக்கொண்டிருந்தாள். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினாள்.

"ஒரே கேமராங்கிறதால கேக்கறேன். நான் ஒரு பக்கம் நின்னா இன்னொரு பக்கம் போயிடும். எது போனாப் பரவாயில்லைன்னு இப்பவே சொல்லிடுங்க. மோதிரம் போடறப்ப உங்க தங்கச்சி மூஞ்சி வேணுமா, அப்பா அம்மா மூஞ்சி வேணுமா?"

"தங்கச்சிதான்" என்றாள் பெரியவள்.

"சரி. அப்ப அப்பா அம்மா கிடையாது. காலையில பொண்ணு ரெடியாகறதா, மாப்பிள்ளை வந்து இறங்கறதா?"

கொள்முதல் தாளில் சிவப்புப் பேனாவால் அடிப்பதுபோல அம்மாவை அடித்தாயிற்று, அப்பாவை அடித்தாயிற்று. இன்னும் யார் யாரை அடிக்க வேண்டும் என்று எதிராளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன் கல்யாணத்தில் இருந்த ஓட்டை தங்கை கல்யாணத்திலும் இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. முகம் சூடானது.

"ரெண்டாவது கேமராவைத் திரும்பப் போட்டுடுங்க. வித்தியாசத்தை நானே குடுத்துடறேன்."

மறுமுனையில் பெருமூச்சு. "ரெண்டாவது கேமரா பிடிக்கிற தம்பியை அன்னைக்கே வேற கல்யாணத்துக்கு விட்டுட்டேன். சீசன் சனிக்கிழமை. இப்ப போய்க் கேட்டா ரெண்டு மடங்கு கேப்பாங்க. அதுவும் ஆள் கிடைச்சாத்தான்."

பெரியவள் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். வேறு வேலை பிடித்துத் தருகிறேன் என்றாள், ஆபீஸ் ஆண்டு விழாவைத் தருகிறேன் என்றாள். ஒன்றும் எடுபடவில்லை. இல்லாத ஆளுக்கு எப்படிப் பேரம் பேசுவது? கடைசியில் அவளே கேட்டாள்:

"ஆள்தான் இல்ல. கேமரா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நான் நிக்கறேன்."

வீடியோக்காரம்மா முதலில் சிரித்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் யோசித்தாள். "ஸ்டாண்டுல வெச்சுத் தர்றேன். நகத்தக் கூடாது. பட்டனை அமுக்கணும், பேட்டரி மாத்தணும், யாராவது குறுக்க வந்தா நாசூக்கா நகத்தணும். ரெண்டு சாயங்காலம் வந்து கத்துக்கங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நிக்கறவங்க படத்துல இருக்க மாட்டாங்க."

"பரவாயில்ல" என்றாள் பெரியவள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்தே வந்தது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது விஷயம் வெளியே வந்துவிட்டது. "உங்க அக்கா தனக்கு அலங்காரமே வேண்டாம்னுட்டாங்களே, ஏன்?" என்று அலங்காரக்காரி சின்னவளிடம் கேட்டுவிட்டாள். சின்னவள் நேராக அக்கா வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் நின்றாள்.

"எதுக்கு வேண்டாம்னே?"

"கேமராகிட்ட நிக்கப் போறேன்."

"நீ எதுக்குடி கேமராகிட்ட நிக்கணும்? என் பக்கத்துல யாரு நிக்கறது?"

கோபம் வந்தால் சின்னவள் அக்காவையே 'டி' போட்டுவிடுவாள். பெரியவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"அன்னைக்கு ரெண்டாவது கேமராவை நான் காசுக்காக வெட்டலை. பொறாமை. உனக்கு எல்லாம் கிடைக்குதேன்னு பொறாமை."

சின்னவள் சிரித்து மழுப்புவாள், இல்லையென்றால் கட்டிக்கொள்வாள் என்று பெரியவள் எதிர்பார்த்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. சின்னவளின் முகம் சுண்டிப்போயிற்று.

"நான் உன்னை நம்பி வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான்கு நாளும் ஒரு போன் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கான பெரியவளின் கணவன் சமாதானத்துக்குப் போன் செய்தபோது, "மாமா, வேற ஏதாவது பேசுங்க" என்று வெட்டிவிட்டாள்.

கல்யாணத்தன்று மேடைக்கு இடப்பக்கம் பெரியவள் நின்றாள். கறுப்புச் சட்டை, வீடியோக்காரம்மாதான் அப்படிப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். முதல் ஒரு மணி நேரத்திலேயே இடுப்பு கழன்றது. சாப்பாட்டு வாசனை வந்தது, நகர முடியவில்லை. அந்தப் பக்கமாகப் போன அத்தை ஒருத்தி, "என்னடி இது, வேலைக்காரி மாதிரி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போனாள். வீடியோக்காரம்மா கையில் கேமராவோடு பூனை மாதிரி அங்கும் இங்கும் நழுவிக்கொண்டிருந்தாள். அவள் தோள் ஏன் இறங்கியிருக்கிறது என்பது பெரியவளுக்கு அன்று புரிந்தது. கூடவே அவள்மேலும் பொறாமை வந்தது. எத்தனை சுலபமாக எல்லார் பக்கத்திலும் போய் நிற்கிறாள்! தங்கைக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை.

சின்னவள் மேடையேறினாள். கேமராவின் சின்னத் திரையில் பெரியவள் பார்த்தாள். அவ்வளவு அழகு. பெருமையும் வந்தது. அதை இடித்துத் தள்ளிக்கொண்டு பழைய எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டன. விரல் மட்டும் பட்டனில் இருந்தது.

மோதிரம் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் சின்னவள் தலையைத் திருப்பினாள். கூட்டத்தில் யாரையோ தேடினாள். முன்வரிசை, பக்கத்து வரிசை, கதவோரம் என்று கண் அலைந்தது. மாப்பிள்ளை மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கறுப்புச் சட்டையில் வந்து கண் நின்றது. அங்கேயே நின்றது. சிரிக்கவில்லை. உதடு லேசாகக் கோணியது. சின்ன வயதில் சண்டை போட்டுவிட்டு, தானாகப் பேச வருவதற்கு முன்னால் செய்கிற அதே கோணல். பிறகு மாப்பிள்ளையிடம் கையை நீட்டினாள்.

அந்தச் சமயம் பார்த்துத் தாய்மாமா போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். ஆறடி உயரம். பெரியவள் "மாமா, மாமா" என்று அடித்தொண்டையில் கத்தினாள். காதில் விழவில்லை. அதற்குப் பிறகு இரண்டாவது கேமராவில் பதிந்ததெல்லாம் மாமாவின் பிடரிதான். நல்லவேளை, வீடியோக்காரம்மாவின் கேமராவில் மோதிரம் பதிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னாள் வீடியோக்காரம்மா. திரையில் சின்னவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க தொழில்ல பொண்ணு கேமராவைப் பாத்துட்டா அது தப்பு. வெட்டிடுவோம். நீங்க எடுத்த ஆறு மணி நேரத்துல உருப்படியா இருக்கிறது இந்த ஒன்பது விநாடிதான். மிச்சம் உங்க மாமா. வெட்டவா, வெக்கவா?"

"வெட்டாதீங்க."

"பாக்கறவங்க என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

படம் சின்னவள் கைக்குப் போன அன்று பெரியவள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் சாப்பிட்டாயா, வீடு பிடித்திருக்கிறதா என்ற அளவில்தான். ஒரு வழியாகப் போன் வந்தது.

"பாத்தேன்" என்றாள் சின்னவள்.

"எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு. மாமியார் மூணு தடவை பாத்தாங்க. எதுக்கு நடுவுல கேமராவை முறைக்கிறேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்க அக்காவைப் பாத்தேன்னு சொன்னேன். ஒன்றரை மணி நேரப் படம். நீ ஒரு இடத்துலகூட இல்ல. எனக்கு அழுகையா வருது."

"நான் எடுத்தா நான் எப்படிடி இருப்பேன்?"

"அதான் சொல்றேன். இன்னும் கோவம் போகலை."

"எனக்கும் பொறாமை இன்னும் முழுசாப் போகலை" என்றாள் பெரியவள். "அன்னைக்கு ஸ்டூடியோவுலகூட, நீ ஜன்னலோரம் நிக்கற சீனை வீடியோக்காரம்மா காட்டினப்ப எரிஞ்சுது. உள்ளதைச் சொல்லிட்டேன்."

சின்னவள் சிரித்தாள். நான்கு வாரத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. "எனக்கும்தான் உன்மேல ஒரு பொறாமை இருக்கு. ரொம்ப வருஷமா."

"என்மேலயா? எதுக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"அடியே, சொல்லுடி."

"மாட்டேன்."

"பாதியாவது சொல்லு."

"என்கிட்டயே பேரமா?" என்றாள் சின்னவள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. வந்து கெஞ்சு, பாக்கலாம்."