புருஷனுக்கும் அதே அனுமதி

மார்ச் 3, திங்கட்கிழமை காலை, சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றின் இரண்டாம் மாடியில் எல்லா ஊழியர்களின் கணினிகளிலும் அட்மின் உரிமை நீக்கப்பட்டது. இனிப் புதிதாக எதை நிறுவவும் கணினிப் பொறுப்பாளரின் பாஸ்வேர்டு வேண்டும். பொறுப்பாளர் ஒரு பெண்; அவளுடைய கணவன் அங்கேதான் கணக்கர்.

"கட்டின புருஷன் மேலயே நம்பிக்கை இல்லையா?" என்று அவள் மேசைக்கே வந்து கேட்டான்.

"உங்களை நம்புறேங்க. உங்க விரலைத்தான் நம்பல. எதைப் பார்த்தாலும் அழுத்திடுது."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். இரண்டு நாள் வீட்டில் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதன்கிழமை மின்னஞ்சலில் வந்த ஒரு பில்லைத் திறந்தான். திரை பாஸ்வேர்டு கேட்டது.

"வாங்க மகாராணி! ஒரு பில்லைப் பார்க்கக்கூட உங்க உத்தரவு வேணுமாம்."

அவள் வந்து பார்த்தாள். "பில்லு எதுக்குங்க பாஸ்வேர்டு கேக்கணும்? இது ஏதோ வைரஸை உள்ளே இறக்கப் பாக்குது." 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள்.

அவன் குரல் இறங்கியது. "எனக்கு அட்மின் இருந்திருந்தா?"

"எல்லா கம்ப்யூட்டருக்கும் பரவி மொத்த ஆபீஸும் படுத்திருக்கும்."

மாலைக்குள் அவனுடைய கணினி மட்டும் முழுதாக அழித்துச் சீரமைக்கப்பட்டது. மற்றவை வழக்கம்போல் ஓடின. அவனுடைய அனுமதி மாற்றப்படவில்லை.